தேமாவும் புளிமாவும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



யாப்பிலக்கணம் கற்கத் தொடங்கும் மாணவர் எவராயினும் அவருக்கு முதலில் எதிர்ப்படும் மரம் மாமரமே. நேரசை இரண்டு இணைந்தால் தேமா. நிரையசையும் நேரசையும் இணைந்தால் புளிமா. மூவசைச் சீருக்குச் செல்வோமாயின் தேமாங்காய், புளிமாங்காய், தேமாங்கனி, புளிமாங்கனி என்று அம்மரம் காய்த்துக் கனிந்து நிற்கும். காய்ச்சீர் வெண்பாவுக்கு உரியது. கனிச்சீர் வஞ்சிக்கு உரியது. வெண்பாவினுள் கனிச்சீர் புகுதல் ஆகாது. இவ்விதிகளை மனப்பாடம் செய்யாத தமிழ்ப் புலவர் இலர்.

வாய்பாட்டுக்குச் சொல் தேடிய இலக்கண ஆசிரியர்கள் எளிமையை விரும்பியிருத்தல் வேண்டும். கற்பவன் கண்ணுக்கும் நாவுக்கும் பழகிய சொல்லாக அஃது இருத்தல் வேண்டும். சொல்லின் ஓசையே அசைக்கு எடுத்துக்காட்டாகவும் அமைதல் வேண்டும். இனிக்கும் மா ஒன்று, புளிக்கும் மா ஒன்று என இரண்டையும் சுவைத்து அறியாத பிள்ளை இல்லை என்ற துணிவிலேயே அவர்கள் இப்பெயர்களைத் தேர்ந்தனர் எனலாம்.

அத்துணிவு கடலாடிக்குப் பொருந்துமா என்பதே ஈண்டு எழும் வினா. இவ்வட்டாரத்துப் பிள்ளை வாசலில் இறங்கினால் காண்பது பனை; ஊர் எல்லையைத் தாண்டினால் காண்பது சீமைக்கருவேல். ஏடாக அமைந்து தமிழைக் காத்தது பனையோலை. அந்த ஓலையில் எழுதப்பெற்ற பாடலை அளந்தது மாவின் பெயர். பனையை அறிந்த அளவுக்கு மாவை அறியாத ஊரில் தேமாவும் புளிமாவும் வெறும் வாய்பாடாகவே நின்றுவிடுகின்றன. அவ்வாய்பாட்டுக்குள் இருக்கும் மரத்தை மீண்டும் காண்பதும், அதன் கனி யாருக்கு உரியது என்று தமிழ் கேட்டுவந்த கேள்வியை நினைவுகூர்வதும் இவ்வுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

‘மா’ என்னும் ஓரெழுத்து ஒருமொழிக்கு விலங்கு, பெருமை, கருமை, நில அளவு, திருமகள் எனப் பல பொருள்கள் உள. அவற்றுள் மரத்தைக் குறிக்கும் பொருளே உலகெங்கும் சென்றது. மாங்காய் என்னும் தென்னாட்டுச் சொல்லை மேலைக் கடற்கரையில் கேட்ட போர்ச்சுகீசியர் அதனை ‘மங்கா’ என வழங்கினர். பின்னர் ஐரோப்பிய மொழிகள் பலவும் அதனை ஏற்றன. இன்று பழத்தைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் சொல்லின் வேர் காயைக் குறிக்கும் நம் சொல்லாக இருப்பது சுவையான முரண்பாடு. வடமொழியில் இம்மரம் ஆம்ரம் எனப்படும். காஞ்சிபுரத்து ஏகம்பம் என்னும் பெயரை ஒற்றை மாமரம் என்ற பொருளோடு இயைத்துக் காண்பது மரபு. அத்தலத்து மாவின் நான்கு கிளைகளை நான்கு வேதங்களாகப் போற்றி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுவைக் கனி தரும் என அடியார் கூறுவர்.

இவ்வாறு வழிபாட்டுக்கு உரியதாகிய மரம் தமிழிலக்கியத்தில் இரண்டு பெண்களின் வாழ்வைத் திசைமாற்றிய மரமாகவும் நிற்கிறது. ஒருத்தி கனியை உண்டவள் அல்லள், காயை உண்டவள். மற்றொருத்தி உண்ணாமல் கொடுத்தவள்.

நன்னனின் காவல் மரம்

பண்டைத் தமிழ் மன்னர் ஒவ்வொருவரும் ஒரு மரத்தைத் தம் குடிக்கு உரிய காவல் மரமாகப் பேணினர். பகைவர் நாட்டை வென்றவர் முதலில் அம்மரத்தை வெட்டுவர். நன்னன் என்னும் வேளின் காவல் மரம் மா. ஆற்று நீர் அடித்துவந்த பசுங்காய் ஒன்றை, நீராடச் சென்ற பெண் ஒருத்தி எடுத்து உண்டாள். அதுவே அவள் செய்த குற்றம். அவள் நிறைக்கு ஈடாகப் பொன்னாற் செய்த பாவையும் எண்பத்தொரு களிறுகளும் தருவதாகக் கூறியும் நன்னன் இணங்கவில்லை, அவளைக் கொன்றான். குறுந்தொகையின் 292ஆம் பாடலில் பரணர் இச்செய்தியை வைத்துள்ளார். பாடல் காய் என்றே கூறும். அது காவல் மரமாகிய மாவின் காய் என்பது உரைவழி அறியப்படும் செய்தி.

அப்பாடலில் இந்நிகழ்ச்சி எவ்விடத்தில் வருகிறது என்பது கருதத்தக்கது. மகளை இரவெல்லாம் உறங்காது காவல் காக்கும் தாயைக் குறித்துத் தோழி பேசுகிறாள். அத்தாய் நன்னன் புக்க நிரயத்துக்கே போகட்டும் என்கிறாள். ஓர் அகப்பாடலில் காவல் மிகுந்த வீட்டைக் குறிக்க, காவல் மிகுந்த மரத்தை உவமையாக்கினார் பரணர். மரத்துக்கும் பெண்ணுக்கும் விதிக்கப்பட்ட காவல் ஒரே தன்மையது என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்பது இதனால் புலனாகிறது.

நன்னன் செய்த பிழை அவனோடு முடியவில்லை. அவனுடைய மணமிக்க மாவைக் கோசர் அழித்ததை அதே பரணர் குறுந்தொகை 73இல் குறிக்கிறார். மரத்தை அழித்ததைக் கூறுமிடத்துக் கொலைக்குரிய வினையையே அவர் ஆள்வது நோக்கத்தக்கது. புறநானூற்று 151ஆம் பாடலின் செய்தி இன்னும் வியப்புக்குரியது. பெருந்தலைச் சாத்தனார் என்னும் புலவர், இளங்கண்டீரக்கோவும் இளவிச்சிக்கோவும் ஒருங்கிருந்த இடத்துக்குச் சென்றார், முன்னவனைத் தழுவினார், பின்னவனைத் தழுவவில்லை. காரணம் வினவியபோது, பெண்கொலை செய்த நன்னனின் வழியில் வந்தவன் என்பதை ஒரு காரணமாகக் காட்டினார்.

எத்தனை தலைமுறை சென்றபின் அப்புலவர் பேசினாரோ! இளவிச்சிக்கோ அப்பெண்ணைக் கொன்றவன் அல்லன். ஆயினும் ஒரு காயின் பொருட்டு நிகழ்ந்த கொலையைப் புலவர் உலகம் மறக்கவில்லை. அரசன் தரும் பரிசிலால் வாழ்ந்தவர் அரசனைத் தழுவ மறுத்தது எளிய செயல் அன்று. பெயர்கூடப் பதிவுபெறாத அப்பெண்ணுக்குக் கிடைத்த ஒரே நீதி அம்மறுப்பே ஆகும். புலவர் கூட்டம் ஒன்று தன் பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் வேளையில் நினைத்தற்குரிய முன்னோர் இத்தகையோரே.

காரைக்காலின் இரண்டு கனிகள்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் மற்றொரு மாங்கனி வருகிறது. வணிகன் பரமதத்தனுக்குக் கிடைத்த இரண்டு மாங்கனிகள் அவன் இல்லத்துக்கு அனுப்பப்படுகின்றன. பசியோடு வந்த சிவனடியாருக்கு மனைவி புனிதவதியார் சோறு படைக்கிறார். சோறு ஆயிற்று, கறி ஆகவில்லை. ஆதலின் கனி ஒன்றை இலையில் வைக்கிறார். நண்பகலில் உணவு கொண்ட கணவன் எஞ்சிய கனியை உண்டு, அதன் சுவையில் மயங்கி, மற்றதையும் கேட்கிறான். அம்மையார் இறைவனை வேண்ட ஒரு கனி கையில் வருகிறது. அதன் சுவை வேறாக இருக்கக் கண்ட கணவன் வினவுகிறான், உண்மை கூறப்படுகிறது, அவன் நம்பவில்லை. இன்னொன்று வருவித்துக் காட்டுமாறு கேட்கிறான். வந்த கனி அவன் கையில் பட்டதும் மறைகிறது. அஞ்சிய பரமதத்தன் கடல் வாணிகத்தின் பெயரால் பிரிந்து, பாண்டி நாட்டில் வேறொரு மணம் செய்துகொள்கிறான்.

பக்தி நோக்கில் இஃது இறையருளைக் கூறும் வரலாறு. காரைக்காலில் ஆண்டுதோறும் ஆனித் திங்களில் நிகழும் மாங்கனித் திருவிழாவில் மக்கள் வீட்டு மாடிகளிலிருந்து கனிகளை வீசி வழிபடுவது அவ்வருளைக் கொண்டாடும் முகத்தானே. ஆயினும் இல்லற நோக்கில் காணும்போது அங்கே ஒரு கேள்வி மறைந்து நிற்கிறது. கணவன் அனுப்பிய கனியைப் பசித்தவருக்கு ஈயும் உரிமை மனைவிக்கு உண்டா? அவ்வுரிமை ஐயமற இருந்திருப்பின், ‘அடியார் உண்டார்’ என்ற ஒரு சொல்லோடு அவ்வுரையாடல் முடிந்திருக்கும். இறைவனிடம் கனி கேட்க வேண்டிய நெருக்கடியே நேர்ந்திராது. அற்புதத் திருவந்தாதி பாடிய அம்மையாரைத் தமிழுக்குத் தந்தது அந்நெருக்கடி என்பதும் உண்மையே.

உண்டதற்கு ஒருத்தி உயிர் இழந்தாள். ஈந்ததற்கு ஒருத்தி இல்வாழ்வை இழந்தாள். இரண்டு வரலாறுகளிலும் மரம் குற்றமற்றது. மரத்துக்கும் உண்பவருக்கும் இடையில் நின்ற உரிமையே வழக்காயிற்று.

வித்தும் ஒட்டும்

மாவை வளர்க்கும் முறையிலும் இவ்வுரிமைச் சிக்கலின் சாயல் உண்டு. இனிய பழத்தைத் தின்று கொட்டையை ஊன்றினால் அதே இனிப்பு வரும் என்பதற்கு உறுதி இல்லை. நம் நாட்டு மாவகைகள் பெரும்பாலும் விதைக்குள் ஒற்றைக் கரு உடையன. அக்கரு தாய்மரமும் வேறொரு மரமும் கலந்து பிறந்தது. ஆதலின் தேமாவின் கொட்டையிலிருந்து புளிமா முளைக்கக் கூடும். மேலைக் கடற்கரையில் சில வகைகளின் கொட்டையில் பல கருக்கள் உண்டு. அவற்றுள் தாயை அப்படியே ஒத்த கன்றுகள் கிடைக்கும். ஏனைய வகைகளில் ஒரு மரத்தின் சுவையைக் காப்பதற்கு ஒட்டுக்கட்டுதலே வழி. கொட்டையில் முளைத்த நாற்று வேராக நிற்கும். விரும்பிய மரத்தின் இளங்கிளை அதன்மேல் ஒட்டப்பட்டு உடலாக வளரும். மல்கோவா, நீலம், பங்கனபள்ளி, செந்தூரம், இமாம்பசந்த் என நாடறிந்த வகைகள் யாவும் இவ்வாறு காக்கப்படுவனவே. பாக்கு நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்தார் பெருமையோடு பேசும் கறுத்தக் கொழும்பானும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

கொட்டையிலிருந்து வளர்ந்த நாட்டு மா காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஆயினும் நெடுங்காலம் நிற்கும். ஒட்டுக்கன்று மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். ஆழம், அகலம், நீளம் மூன்றும் ஒரு மீட்டர் உள்ள குழியெடுத்து, மேல்மண்ணும் மட்கிய எருவும் இட்டு நிரப்பி நடுவது வழக்கம். பழைய முறையில் மரத்துக்கு மரம் பத்து மீட்டர் இடைவெளி விடுவர். ஏக்கருக்கு நாற்பது மரங்கள் நிற்கும். ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இருத்தல் இன்றியமையாதது. அதன் கீழே துளிர்க்கும் கிளையைக் கிள்ளிவிடுதல் வேண்டும். கிள்ளாது விட்டால் வேர்மரம் வளர்ந்து ஒட்டு அழிந்துவிடும்.

தை, மாசித் திங்களில் மா பூக்கும். ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில் பூக்கள் உண்டு. அவற்றுள் பெரும்பகுதி ஆண்பூக்கள். இருபால் பூக்கள் சிலவே. ஈக்களும் சிறு பூச்சிகளும் மகரந்தம் சேர்க்கின்றன. பூத்தவற்றில் நூற்றுக்கு ஒன்றுகூடக் கனியாவதில்லை. உதிர்ந்தவை போக எஞ்சியவற்றில் பலவும் வடுப்பருவத்திலேயே விழுந்துவிடும். பூக்கும் காலத்தில் மழையோ மூட்டமோ நேர்ந்தால் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் பூங்கொத்தைக் கருக்கிவிடும். மல்கோவா, பங்கனபள்ளி போன்றவை ஓராண்டு மிகுதியாகக் காய்த்து மறு ஆண்டு ஓய்வெடுக்கும் இயல்பின. நீலம் ஆண்டுதோறும் தவறாது காய்க்கும்; ஆதலின் புதிய கலப்பினங்களை உருவாக்கியோர் நீலத்தைப் பெரிதும் நாடினர். மல்லிகா, ஆம்ரபாலி, பெரியகுளம் 1 ஆகிய மூன்றிலும் ஒரு பெற்றோர் நீலமே.

கடலாடியில் மா வளருமா?

மா மலையடிவாரத்து மரம், கடலாடிக்கு ஒவ்வாது என்னும் கருத்து இங்கு வேரூன்றியுள்ளது. அக்கருத்தில் பாதி உண்மை. பாதி ஆராயப்படாத வழக்கு. வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்ந்துவிடும் நாடு இது. மா பூக்கும் தை, மாசியில் வானம் வெளுத்து, காற்று உலர்ந்து இருக்கும். பூவுக்கு வேண்டுவது அத்தகைய வறட்சியே. வேர் ஆழச் சென்ற மா கோடையையும் தாங்கும். ஆகவே வெயில் இம்மரத்துக்குப் பகையன்று.

பகை இரண்டு. ஒன்று உப்பு. நிலத்தடி நீர் உவர்ப்பாக உள்ள இடத்தில் மாவின் இலை நுனி கருகும். பின் ஓரங்கள் காயும். கன்று நாளடைவில் நலிந்துவிடும். மற்றொன்று இறுகிய கரிசலில் தேங்கும் மழைநீர். மிளகாய்க்கும் பருத்திக்கும் சோளத்துக்கும் உகந்த அம்மண், நீர் வடியாதபோது மாவின் வேருக்கு உகந்ததன்று. முதல் மூன்றாண்டுகள் நன்னீர் கிடைப்பதும், நட்ட இடத்தில் நீர் தேங்காதிருப்பதும் உறுதியானால் இங்கும் மா வளரும். உவர்ப்பைத் தாங்கும் வேர்மரம் தேடி உழவியலார் நெடுங்காலமாக முயன்று வருகின்றனர். கேரளத்துக் குருக்கன் என்னும் நாட்டு வகையும், இசுரேல் நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்டு 13-1 என எண்ணால் வழங்கும் வகையும் அவ்வகையில் பெயர் பெற்றவை. உவர்நீரைக் கொண்டே பழத்தோட்டம் காண விழைந்த நாட்டின் முயற்சி உவர்நிலத்து மக்களாகிய நமக்குப் பாடமாகும்.

இதற்கு மாவட்டத்துக்குள்ளேயே சான்று உண்டு. கடலாடிக்கு அண்டை வட்டமாகிய கமுதியில் வல்லந்தை என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 2007ஆம் ஆண்டு பஞ்சாபிலிருந்து வந்த உழவர் சிலர், சீமைக்கருவேல் மண்டிக் கிடந்த தரிசு நிலத்தை விலைக்கு வாங்கினர். முள்ளை வேரோடு களைந்தனர், மண்ணைத் திருத்தினர், சொட்டுநீர் அமைத்து மா, கொய்யா, நெல்லி முதலிய பழமரங்களை வளர்த்தனர். ஐந்து ஆறுகள் பாயும் நாட்டில் பிறந்தோர், ஆறு வற்றிய நாட்டின் முட்காட்டைப் பழத்தோட்டமாக்கிய செய்தி நாளிதழ்களில் வெளிவந்து பலரையும் வியக்க வைத்தது.

வியப்போடு சிறிது நாணமும் கொள்ளுதல் தகும். இந்நிலத்தில் எதுவும் விளையாது என்று கூறி விற்றவர் இந்நாட்டினர். விற்ற பணத்தில் பிள்ளைகளை வளைகுடா நாடுகளுக்கும் சென்னைக்கும் அனுப்பினோர் பலர். அவர்களைக் குறை கூறுதல் முறையன்று. தொடர்ந்து பொய்த்த மழையும், தூர்ந்த கண்மாயும், கடனும் அவர்களை அந்நிலைக்குத் தள்ளின. முதலீடும் பொறுத்திருக்கும் வலிமையும் உடையவருக்கே ஐந்தாண்டு காத்திருக்க இயலும். அன்றாடக் கூலியில் வாழ்பவருக்கு மரம் என்பது எட்டாத பயிர். ஆயினும் நிலம் பொய்த்தது என்ற பழியை மட்டும் இனி எவரும் கூறலாகாது. வல்லந்தை அதற்கு மறுப்பாக நிற்கிறது.

பனையை வெட்டிவிட்டு மா நடுவோம் என இதற்குப் பொருள் கொள்ளுதல் ஆகாது. பனை இம்மண்ணின் முதல் உரிமையுடைய மரம். அதனை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் எனத் தமிழக அரசு 2021ஆம் ஆண்டு அறிவித்ததும் அக்கருத்துப் பற்றியே. மா வரவேண்டிய இடம் ஊருணிக் கரை, பள்ளி முற்றம், வீட்டுக் கொல்லை ஆகியன. கலம் கழுவிய நன்னீரைக் கொண்டே ஒரு கன்றைப் பிழைக்க வைக்கலாம். கன்றின் அருகே மண்பானையைப் புதைத்து, அடியில் துளையிட்டுத் திரி செருகி நீர் ஊற்றிவைக்கும் பழைய முறை, சொட்டுநீர்க் குழாய் வாங்க இயலாத இல்லத்துக்கு ஏற்றது.

சாடிக்குள் இராமநாதபுரம்

மா விளையாத ஊரிலும் மாவின் பயன் நெடுங்காலமாக உண்டு. சித்திரை முதல் நாளில் வேப்பம்பூவும் வெல்லமும் சேர்ந்த மாங்காய்ப் பச்சடி இல்லாத வீடு அரிது. மங்கல நாளில் வாசலில் மாவிலைத் தோரணம் தொங்கும். கடற்கரை ஊர்களில் நெத்திலிக் குழம்பில் மாங்காய்க் கீற்று விழுந்தால் புளியின் வேலை குறையும். பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் காயை அரிந்து, உப்பிட்டு, வெயிலில் உலர்த்தி மாவற்றலாக்கிக் கறி கிடைக்காத நாளில் குழம்பிலிடுவர். கடும் வறட்சிக் காலங்களில் மாங்கொட்டைப் பருப்பை ஊறவைத்துத் துவர்ப்பு நீக்கி மாவாக்கி உண்டோர் இந்நாட்டில் உண்டு. அப்பருப்பு வயிற்றுப்போக்குக்கு மருந்தாதலைச் சித்த மருத்துவம் அறியும்.

மாவடு ஊறும் சாடியைக் கூர்ந்து நோக்கினால் அங்கே இம்மாவட்டமே இருத்தல் காணலாம். வடு வெளியூரிலிருந்து வருகிறது. நத்தத்திலிருந்தோ இராசபாளையத்திலிருந்தோ வண்டியேறி வரும். உப்போ கடலாடி வட்டத்து வாலிநோக்கம் உப்பளத்தில் விளைவது. தமிழக அரசின் உப்புக் கழகம் உப்பெடுக்கும் ஊர் அது. மிளகாயோ இக்கரிசலின் குண்டு மிளகாய். இராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பெயரில் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. காயைக் கெடாது காப்பவை உப்பும் காரமும் அல்லவா? அவ்விரண்டையும் தந்த மண் மூன்றாவதற்காகப் பிற ஊரைப் பார்த்திருக்கிறது. வெயிலில் உப்பு வாருவோரும், மிளகாய் ஆய்வோரும் பெரும்பாலும் பெண்களே என்பதும் இங்குச் சேர்த்து எண்ணத்தக்கது.

கிருஷ்ணகிரி தரும் பாடம்

மா வளர்ந்துவிட்டால் வறுமை தீரும் என்று எண்ணுதலும் பேதைமை. உலகில் விளையும் மாங்கனியில் பெரும்பங்கு இந்தியாவுடையது. ஆண்டுக்கு இரண்டு கோடி டன்னுக்கு மேல் இங்கு விளைகிறது. தமிழகத்தில் கிருஷ்ணகிரி அதன் தலைநிலம். பழக்கூழ் ஆலைகளை நம்பி, கிளிமூக்கு எனவும் பெங்களூரா எனவும் வழங்கும் வகையை அங்குள்ள உழவர் மிகுதியாகப் பயிரிட்டனர். 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் அதன் விலை கடுமையாக வீழ்ந்தது. பறிகூலிக்கும் வண்டிக்கூலிக்கும் கட்டாத நிலையில் காய்களைச் சாலையோரத்தில் கொட்டியோரும், மரத்திலேயே விட்டவரும் உண்டு. ஆந்திர அரசு தன் உழவருக்கு ஆலைகள் கிலோவுக்கு எட்டு ரூபாயும், அரசு நான்கு ரூபாயும் தர ஏற்பாடு செய்தது. அதே பருவத்தில் பிற மாநிலத்துப் பெங்களூரா உள்ளே வரலாகாது எனச் சித்தூர் மாவட்ட நிருவாகம் தடை விதித்தது. கருநாடக, தமிழக வண்டிகள் எல்லையில் நின்றன.

தன் உழவரைக் காக்கவே அத்தடை எழுந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நீர் அடித்துவந்த காயைத் தன்னுடையது என்ற நன்னனையும், சாலைவழி வந்த காயை எம்முடையது அன்று என்ற எல்லைக் காவலையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கும் தமிழ் மாணவர்க்கு ஓர் உண்மை புலப்படும். ஒரே வகையை, ஒரே ஆலைக்காக, ஓராயிரம் தோட்டங்களில் வளர்ப்பது வளத்தின் நடுவே வறுமையை வளர்ப்பதாகும். கடலாடியில் மா வருமாயின் அது உண்பதற்காக வரட்டும்; ஆலைக்காக வரவேண்டா. ஓர் ஊரில் பத்து மரம் நின்றால் பத்தும் வேறு வேறாக இருக்கட்டும். நீலம் ஒன்று, செந்தூரம் ஒன்று, வடுவுக்கென ஒரு நாட்டு மா, ஊறுகாய்க்கென ஒரு புளிமா என அமையட்டும்.

பழுக்க வைக்கும் முறையும் அத்தகையதே. வைக்கோலில் பொதிந்து பொறுத்திருந்த காலம் போய், கல் வைத்துப் பழுக்கச் செய்யும் வணிகம் பெருகிற்று. கால்சியம் கார்பைடு கொண்டு பழுக்க வைப்பதை 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்துள்ளன. ஆயினும் ஒவ்வொரு கோடையிலும் அதிகாரிகள் பழக்கிடங்குகளில் ஆய்வு செய்து அழிக்கும் பழங்களைப் பற்றிய செய்தி வந்துகொண்டே இருக்கிறது. கொல்லையில் ஒரு மரம் உள்ள வீட்டுக்கு அவ்வச்சம் இல்லை.

ஏலத்துக்கு அப்பால் ஒரு மரம்

முடிவாக, இவ்விலக்கிய வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைத்தல் பொருந்தும். பத்தாண்டுகளாக இவ்வட்டம் கவியரங்கும் நூலாய்வும் நடத்தி வந்துள்ளது. ஒட்டு மாங்கன்று ஒன்று நடப்பட்டிருந்தால் இக்காலத்துக்குள் பல முறை காய்த்திருக்கும். காலம் கடந்துவிடவில்லை. வரும் ஐப்பசி மழையில் ஊருணிக் கரையில் மழைநீர் தேங்காத மேட்டில் சில கன்றுகள் நடப்பெறட்டும். முதல் மூன்று கோடையில் நீரூற்றும் பொறுப்பை உறுப்பினர் முறைவைத்து ஏற்கட்டும்.

அவை காய்க்கும் நாளில்தான் மெய்யான சோதனை வரும். பொது நிலத்து மரங்களின் பலனை ஏலம் விடுவது ஊராட்சிகளின் வழக்கம். ஏலம் எடுத்தவர் பணம் கட்டியவர். அவர் காவல் வைப்பார். காவலாள் கையில் கோல் இருக்கும். பள்ளி விட்டு வரும் சிறுமி உதிர்ந்த காயொன்றை எடுத்தால் அதட்டப்படுவாள். அவள் உயிருக்கு இன்று இடர் இல்லை. எனினும் நன்னனின் நிழல் அம்மரத்தடியில் சிறிதளவேனும் விழும். ஏலமே கூடாது என்று கூறுவதற்கில்லை. ஊராட்சிக்கு வருவாயும் வேண்டும். நடப்பெறும் மரங்களுள் ஒன்றை மட்டுமேனும் ஏலப் பட்டியலில் சேர்ப்பதில்லை என ஊர்க்கூட்டத்தில் எழுதிப் பெறுதல் இவ்வட்டத்தால் இயலும். அம்மரத்தில் எவர் கல்லெறிந்தாலும் கேட்பார் இருத்தல் கூடாது. உதிர்ந்தது எடுத்தவருக்கு உரியதாகட்டும். அது புளிமாவாயின் உப்பும் மிளகாயும் இவ்வூரிலேயே உள்ளன.

அரசனைத் தழுவ மறுத்த பெருந்தலைச் சாத்தனார் அப்பெண்ணுக்கு ஒரு பாடலைத் தந்தார். அவர் வழிவந்தோர் அவள் வயதுச் சிறுமியருக்கு ஒரு மரத்தைத் தருதல் தகும். அம்மரத்தின் அடியில் அமர்ந்து, நேரும் நேரும் சேர்ந்தால் என்ன என்று ஆசிரியர் கேட்கும்போது கடலாடிப் பிள்ளை தலைநிமிர்ந்து மேலே சுட்டிக்காட்டி விடை கூறட்டும்.